பங்காரா: அனுமதி கேட்டு ஆடும் நடனம்

இத்தாலியின் வெனிஸ் பியென்னாலே என்ற கலைவிழாவின் நடனப் பிரிவு வாழ்நாள் சாதனைக்குத் தரும் தங்கச் சிங்கம் வழக்கமாகத் தனி ஆளின் பெயருக்குத்தான் போகும். 2007-இல் பினா பௌஷ், 2010-இல் வில்லியம் ஃபோர்சைத், 2014-இல் ஸ்டீவ் பாக்ஸ்டன், 2021-இல் ஜெர்மேன் அக்கோனி, 2025-இல் ட்வைலா தார்ப். 2026-ஆம் ஆண்டுக்கான விருதோ ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி நடனக் குழுவான பங்காரா டான்ஸ் தியேட்டருக்கு, அதாவது ஒரு முழுக் குழுவுக்கு. பங்காராவை 1991 முதல் 2022 வரை நடத்திய ஸ்டீவன் பேஜ் உலகறிந்த நடன அமைப்பாளர். அவர் பெயரிலேயே கொடுத்திருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் குழுவுக்குக் கொடுத்ததுதான் சரி. இந்த மேடையில் ஓர் அசைவு வந்து சேருவதற்கு முன் அது எத்தனை பேர் கையைக் கடந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

முதலில் பெயர். ‘பங்காரா’ என்பது நியூ சவுத் வேல்ஸின் விராஜுரி மக்களின் சொல். ‘நெருப்பு மூட்டுவது’ என்று பொருள். குழு தொடங்கியது 1989-இல், சிட்னியில். தொடங்கியவர்களில் முதன்மையானவர் கரோல் ஜான்சன் என்ற ஆப்பிரிக்க அமெரிக்க நடனக் கலைஞர். 1972-இல் எலியோ பொமாரேயின் குழுவோடு அடிலெய்ட் விழாவுக்கு ஆட வந்தவர் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிப் பூர்வகுடி இளைஞர்களுக்கு நவீன நடனம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1975-இல் நடந்த ஆறு வாரப் பயிற்சி முகாமிலிருந்து ஒரு பள்ளி முளைத்தது. அதுதான் இன்று நைஸ்டா என்று அழைக்கப்படும் கல்லூரி. பங்காராவின் ஆட்டக்காரர்களில் கணிசமானோர் அங்கிருந்து வந்தவர்கள். ஸ்டீவன் பேஜும் அங்கே படித்தவர்தான், 2023 முதல் கலை இயக்குநராக இருக்கும் ஃபிரான்சஸ் ரிங்ஸும் அங்கே படித்தவர்தான்.

அந்தப் பள்ளி செய்த பெரிய காரியம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. காலையில் நவீன நடன வகுப்பு, பாலே வகுப்பு. அதே கூரையின் கீழ் வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லேண்டிலிருந்தும் டோரஸ் நீரிணைத் தீவுகளிலிருந்தும் வந்த பெரியவர்கள் தங்கள் சமூகத்தின் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். மாணவர்களும் அந்த ஊர்களுக்குப் போய்த் தங்கிக் கற்றார்கள். குடும்பத்தைப் பிரித்துக் குழந்தைகளை அரசு தூக்கிச்சென்ற ஒரு நாட்டில், நகரத்தில் வளர்ந்த பூர்வகுடிப் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் மொழியும் சடங்கும் கையில் இல்லை. அவர்களுக்கு இது தொலைந்ததைத் தேடிப்போகும் வழியாகவும் இருந்தது. பங்காராவின் செய்முறைக்கு இதுவே அடித்தளம்.

இப்போது அந்தச் செய்முறை. ஒரு புதிய படைப்பு ஒத்திகை அறையில் தொடங்குவதில்லை, கேட்பதில் தொடங்குகிறது. ‘இந்தக் கதையை நாங்கள் ஆடலாமா?’ என்று உரியவர்களிடம் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத் தோன்றும். சிக்கலே ‘உரியவர்’ யார் என்பதில்தான்.

வடகிழக்கு ஆர்னம் லேண்டின் யோல்ங்கு மக்களை எடுத்துக்கொள்வோம். அவர்கள் உலகில் எல்லாமே டுவா, யிரிச்சா என்ற இரண்டு பாதிகளுக்குள் அடங்கும். குலம், நிலம், விலங்குகள், காற்று, பாட்டு, ஓவியக் கோலம் எதுவும் இதற்கு வெளியே இல்லை. ஒருவர் தன் தந்தையின் பாதியில் பிறக்கிறார், திருமணம் மறுபாதியில். ஒரு பாட்டும் அதற்குரிய ஆட்டமும் தந்தை வழிக் குலத்துக்குச் சொந்தம். ஆனால் அது முறையாக நடக்கிறதா என்று மேற்பார்க்கும் பொறுப்பு அந்தக் குலத்துப் பெண்களின் பிள்ளைகளுக்கு, அதாவது அதைத் தாய்வழிக் குலமாகக் கொண்டவர்களுக்கு. அவர்களை ஜுங்காயா என்பார்கள். ஆக, சொந்தக்காரர் ‘சரி’ என்றால் மட்டும் போதாது. ஜுங்காயாவும் தலையசைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் கலைஞர் ஊரில் முதலில் பார்த்த, ஆங்கிலம் நன்றாகப் பேசும் ஒருவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு திரும்பினால், தவறு அங்கேயே நடந்துவிட்டது. அந்த மனிதர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பார், ஆனால் கொடுக்கும் உரிமை அவரிடம் இல்லை. படைப்பு மேடையேறிய பிறகு உரியவர் ஒருவர் மறுத்தால் அந்தப் பகுதியை எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த வடிகட்டி, எது வெளியே காட்டத்தக்கது என்பது. ஆண்களுக்கு மட்டுமான சடங்கு உண்டு, பெண்களுக்கு மட்டுமானது உண்டு, தீட்சை பெற்றவர் மட்டும் அறியக்கூடியது உண்டு. இவை மேடைக்கு வரவே கூடாது. எல்லோர் முன்னும் ஆடும் பொது ஆட்டங்களிலிருந்துதான் பங்காரா எடுக்கிறது. அப்படி எடுத்ததையும் அப்படியே பெயர்த்து வைப்பதில்லை. பெரியவர்கள் கற்றுக்கொடுத்த அசைவு ஒன்று, அதிலிருந்து பிறந்த நவீன நடனச் சொற்றொடர் ஒன்று என இரண்டும் தனித்தனியே அடையாளம் தெரியும்படி வைக்கிறார்கள். சில இடங்களில் மரபான ஆட்டம் மரபானபடியே வரும், அதை ஆட உரிமையுள்ளவர் ஆடுவார்.

யோல்ங்கு பாடகரும் ஆட்டக்காரருமான ஜாக்கபுரா முன்யாரியுன் பங்காராவுக்கு அப்படி வாய்த்தவர். 1990-களின் தொடக்கத்திலிருந்து அவர் இந்தக் குழுவின் பண்பாட்டு ஆலோசகராகவும் மேடையின் நடுநாயகமாகவும் இருந்தார். ஆலோசகர் என்ற சொல் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். நிகழ்ச்சிக் கையேட்டில் நன்றி தெரிவிக்கப்படும் ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒத்திகையில் உட்கார்ந்து ‘இந்தக் கை இப்படிப் போகாது, அந்தப் பறவை அப்படித் திரும்பாது’ என்று சொல்லும் ஆசிரியர் அவர். டோரஸ் நீரிணைப் பக்கத்துக்கு இதே வேலையை நீண்டகாலம் குழுவிலேயே ஆடிய எல்மா கிரிஸ் செய்தார்.

பிறகு பயணம். நடன அமைப்பாளர், இசையமைப்பாளர், மேடை வடிவமைப்பாளர், ஆட்டக்காரர்கள் எல்லோரும் கதை பிறந்த நிலத்துக்குப் போகிறார்கள். பூர்வகுடி மக்கள் ‘கண்ட்ரி’ என்று சொல்லும்போது அது மண்ணை மட்டும் குறிப்பதில்லை; அந்த மண், அதன் நீர், அதன் உயிர்கள், முன்னோர், அவர்களைப் பற்றிய சட்டம் எல்லாம் சேர்ந்தது அது. அங்கே போனால்தான் ஓர் ஆட்டத்தில் ஏன் முட்டி அவ்வளவு மடங்குகிறது என்று தெரியும். மணலில் நடந்து பார்த்தால் கால் தானாகவே அப்படித்தான் போகும். திரும்பி வந்து சிட்னி வால்ஷ் பே துறைமுகக் கட்டடத்திலுள்ள ஸ்டூடியோவில் படைப்பைக் கட்டுகிறார்கள். கட்டியதை உரியவர்களுக்குக் காட்டுகிறார்கள். அவர்கள் மாற்றச் சொன்னால் மாற்றுகிறார்கள். அரங்கேற்றத் தேதியும் டிக்கெட் விற்பனையும் ஒருபக்கம் நெருக்கும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் மறுபக்கம் எல்லாம் நின்றுபோகும். துக்க காலத்தில் ஆலோசனை கிடையாது, பயணம் கிடையாது, அவசரப்படுத்தவும் முடியாது. இதற்கு இடம்விட்டுத்தான் அட்டவணை போட வேண்டும். இந்த முறையில் வேலை செய்ய நினைக்கும் எந்தக் குழுவும் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். நேரத்தைச் சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது கேட்கும் வேலை.

உடலுக்கு வருவோம். பரதம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தாழ்ந்து நிற்பது புதிதில்லை. ஆனால் அரைமண்டியில் முதுகு நிமிர்ந்திருக்கும், முட்டிகள் பக்கவாட்டில் விரியும். பங்காரா ஆட்டக்காரர் தாழும்போது முதுகும் சேர்ந்து வளைந்து முன்னால் சாயும், பார்வை நிலத்தைத் தேடும், பாதம் முழுதாகத் தரையில் படும். அதன்மேல் நவீன நடனத்தின் சுருளலும் தரையில் உருளலும் ஏறுகின்றன. மணலில் ஆடப் பிறந்த அசைவை மரத்தளத்தின் மேல் விரித்த வினைலில் ஆடுவது சாதாரண விஷயமில்லை. மணல் காலடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு தானும் நகரும். தளம் நகராது, அதிர்ச்சி கணுக்காலுக்கும் முட்டிக்கும் திரும்பும். மணலை உதைத்தால் புழுதி எழும், அந்தப் புழுதியும் ஆட்டத்தின் ஒரு பகுதி. மேடையில் அதை வேறு வழியில் கொண்டுவர வேண்டும்.

அந்த வழி காவி மண். 1994-இல் உருவான ‘ஓக்கர்ஸ்’ பங்காராவின் அடையாளமாகிப்போன படைப்பு. ஸ்டீவன் பேஜும் பெர்னடெட் வாலாங்கும் அமைத்தது. கறுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என நான்கு நிறங்கள், நான்கு பகுதிகள். கறுப்பு ஆண்களின் உலகம், மஞ்சள் பெண்களுடையது, சிவப்பில் ஆணும் பெண்ணும் சேர்கிறார்கள், முட்டிக்கொள்கிறார்கள், வெள்ளையில் முன்னோரும் விடியலும். தொடக்கத்தில் முன்யாரியுன் மேடையில் தனியாக நின்று தன் உடம்பில் மண்ணைப் பூசிக்கொள்வார். அவசரமே இல்லாமல். மேற்கத்திய மேடையில் ஒப்பனை திரைக்குப் பின்னால் நடந்து முடியும் வேலை. இங்கே ஒப்பனையே சடங்கு, அதைப் பார்ப்பதே முதல் காட்சி. 21 ஆண்டுகள் கழித்து 2015-இல் இந்தப் படைப்பை மீண்டும் மேடையேற்றினார்கள்.

மண்ணை உடம்பில் பூசி ஆடுவதில் உள்ள கைவேலை பலருக்குத் தெரியாது. சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு கலந்த மண். வெள்ளை என்பது வெண்களிமண். கறுப்புக்குப் பெரும்பாலும் கரி. பொடித்து நீரில் குழைத்துப் பூச வேண்டும். கெட்டியாகப் பூசினால் காயும்போது சுருங்கி வெடிக்கும், முழங்கையும் முட்டியும் மடங்கும் இடங்களில் செதில் செதிலாக உதிரும். தண்ணீராகப் பூசினால் பத்து நிமிட வியர்வையில் காணாமல் போகும். இருவர் ஆடும் இடத்தில் ஒருவர் நிறம் மற்றவர்மேல் ஒட்டும். காய்ந்த பொடி மணிக்கட்டுப் பிடியை நழுவவைக்கும், வியர்வையில் நனைந்த களிமண்ணோ சோப்பு போல வழுக்கும். ஆகவே தூக்கும் இடங்களில் எங்கே பிடிப்பது, அந்த இடத்தில் எவ்வளவு பூசுவது என்பதெல்லாம் ஒத்திகையிலேயே முடிவாக வேண்டும். உதிர்ந்த மண் வினைல் தளத்தில் மெல்லிய படலமாகத் தங்கும். துடைக்காமல் விட்டால் அடுத்த ஆட்டத்தில் யாராவது சறுக்குவார்கள். இவ்வளவு தொல்லைக்கும் ஈடு ஒன்று உண்டு. பக்கவாட்டு விளக்கொளியில் ஓர் ஆட்டக்காரர் சட்டென்று திரும்பும்போது தோளிலிருந்து எழும் அந்தத் தூசி, உடம்பின் கோடு போல ஒரு நொடி காற்றில் நிற்கும்.

மண்ணும் யாருடையதோதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் வில்கி மியா போன்ற காவிச் சுரங்கங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தோண்டப்பட்டவை. அவற்றுக்கும் காவலர்கள் உண்டு, முறை உண்டு.

இசையில் இதே கவனத்தோடு உழைத்தவர் ஸ்டீவனின் அண்ணன் டேவிட் பேஜ். பெரியவர்களின் குரலையும் மொழியையும் பதிவுசெய்து, யிடாக்கி என்ற நீண்ட மரக்குழலின் ஊதல், பில்மா கட்டைகளின் தட்டு இவற்றோடு மின்னணு ஒலியை அடுக்கினார். அந்தக் குரல்கள் அவருக்குப் பின்னணி அலங்காரமாக ஒருபோதும் இருந்ததில்லை. மெட்டு அவற்றைச் சுற்றித்தான் எழும்பும். இளையவர் ரஸ்ஸல் குழுவின் மிகச்சிறந்த ஆட்டக்காரர். மூன்று சகோதரர்கள் சேர்ந்து கட்டிய வீடு இது என்று சொல்வதில் மிகை இல்லை. ரஸ்ஸல் 2002-இல் மறைந்தார், டேவிட் 2016-இல். இறந்தவரின் பெயரையும் உருவத்தையும் சில காலம் வெளிப்படுத்தாமல் இருப்பது பல பூர்வகுடிச் சமூகங்களின் முறை. எவ்வளவு காலம், எந்தப் பெயர் என்பதைக் குடும்பம் சொல்லும். பழைய பதிவுகளின் குரல்களால் நிரம்பிய ஒரு படைப்பை மறுபடி மேடையேற்றும்போது இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் புதிதாக எழும். ஒரு முறை வாங்கிய அனுமதி என்றென்றைக்குமானது இல்லை.

சட்டம் இதற்கெல்லாம் உதவுமா என்றால், அரைகுறையாகத்தான். ஆஸ்திரேலியப் பதிப்புரிமைச் சட்டம் தனி ஆசிரியரைத் தேடும், எழுத்திலோ பதிவிலோ உருவம் பெற்ற படைப்பைக் கேட்கும், ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகளானதும் கதவைத் திறந்துவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாய்வழி வந்த, ஒரு குலம் முழுவதற்கும் சொந்தமான பாட்டுக்கு இதில் எங்கே இடம்? 1998-இல், பூர்வகுடி ஓவியர் ஜானி புலுன் புலுனின் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம், குலத்தைக் கூட்டு உரிமையாளராக ஏற்கவில்லை. ஆனால் அந்தக் குலத்தின் சடங்கு அறிவைப் பயன்படுத்தி வரைந்த கலைஞருக்குக் குலத்தின்பால் நம்பிக்கைக் கடமை உண்டு என்று சொன்னது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் மீதி இடைவெளியைக் கலைக்குழுக்களின் நெறிமுறைகளும் ஒப்பந்தங்களும்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. சட்டம் கேட்காத சம்மதத்தை பங்காரா தானாகவே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அதன் சாதனையில் எனக்கு முதலில் தெரிவது இதுதான்.

மூலமே எதிர்த்தரப்பின் கையில் இருந்தால் என்ன செய்வது? 2014-இன் ‘பட்டிகராங்’ அப்படிப்பட்ட கதை. சிட்னிப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண் பட்டிகராங், ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி வில்லியம் டாஸுக்குத் தன் மொழியைக் கற்றுக்கொடுத்தாள். 1790, 1791 ஆண்டுகளில் டாஸ் எழுதிய குறிப்பேடுகள் இன்று லண்டனில் இருக்கின்றன. அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவர் எழுதியதே. அவள் சொன்னவை அவர் கையெழுத்தில் கிடக்கின்றன. குறிப்பேட்டைக் காட்சிகளாக்கினால் டாஸ்தான் கதாநாயகன் ஆவார். கொடுத்தவள் மறைந்து பெற்றவர் நிலைப்பார். பங்காரா கதையை அவள் நிற்கும் நிலத்திலிருந்து தொடங்கியது. மூன்றாண்டுகள் கழித்து வந்த ‘பென்னலாங்’, ஆங்கிலேயக் குடியேற்றத்தின் ஆளுநர் பிலிப்போடு 1792-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி 1795-இல் திரும்பிய பூர்வகுடி மனிதனின் கதை. அதை அரங்கேற்றிய சிட்னி ஓப்பரா ஹவுஸ் நிற்கும் நிலமுனைக்குப் பெயரே பென்னலாங் முனை. பார்வையாளர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழேயே கதையின் நிலம் கிடந்தது.

2021-இன் ‘சாண்ட்சாங்’ மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதிக்கும் கிரேட் சாண்டி பாலைவனத்துக்கும் உரியது. வால்மஜாரி மக்களின் மாட்டுப் பண்ணை வாழ்க்கை அதன் நடுவில் இருக்கிறது. பூர்வகுடித் தொழிலாளிகளுக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்ற 1960-களின் தீர்ப்பு கேட்பதற்கு நியாயமானது. ஆனால் பல பண்ணைக்காரர்கள் கூலியைக் கொடுப்பதற்குப் பதிலாகக் குடும்பங்களையே வெளியேற்றினார்கள். உழைத்த நிலம் அவர்களின் முன்னோர் நிலமும்கூட. வேலையோடு கண்ட்ரியும் போயிற்று. இந்த இரட்டை இழப்பை ஆட்டத்தில் சொல்வது எளிதல்ல. வரிசையில் நிற்கும் உடல்கள், எண்ணிக் கணக்கெடுக்கப்படும் உடல்கள் என்று படைப்பு அதைக் காட்டியது.

ஃபிரான்சஸ் ரிங்ஸ் கலை இயக்குநரானபின் தந்த முதல் முழுநீளப் படைப்பு 2023-இன் ‘யுல்டியா’. அவர் தெற்கு ஆஸ்திரேலியாவின் மிர்னிங் வழிவந்தவர். நல்லார்போர் சமவெளியின் ஓரத்தில் ஊல்டியா என்ற ஊற்று. வறண்ட நிலத்தில் வற்றாத நீர், பல இனக்குழுக்கள் கூடிய இடம். 1917-இல் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதையின் இரு முனைகளும் ஊல்டியாவில் சேர்ந்தன. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். எடுத்தார்கள், மேலும் மேலும் எடுத்தார்கள். 1926 வாக்கில் ஊற்று கைவிட்டது. பிறகு 1956 முதல் 1963 வரை வடக்கே மரலிங்காவில் பிரிட்டன் அணு ஆயுதச் சோதனைகள் நடத்தியது. நீர், இரும்பு, கதிர்வீச்சு என மூன்று அடிகளும் ஒரே நிலத்தின்மேல் விழுந்தன. மேடையில் ரயிலும் இல்லை, குண்டும் இல்லை; எல்லாம் ஆட்டக்காரர்களின் மூச்சிலும் ஒளியிலும் நடக்கிறது. சொந்த வம்சத்தின் கதை என்பதால் அனுமதி கேட்கும் படி ரிங்ஸுக்குக் குறையவில்லை, கூடியது. அந்த ஊற்றில் மிர்னிங் மட்டுமல்ல, கொக்கதா, ஆனங்கு மக்களுக்கும் பங்குண்டு.

கடன் வாங்குவதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. செக் நாட்டு நடன அமைப்பாளர் ஜிரி கிலியன் 1980-இல் வடக்கே குரூட் ஐலண்டில் நடந்த பூர்வகுடி நடனக் கூடலைப் பார்த்தார். அந்த வியப்பில் 1983-இல் ‘ஸ்டாம்பிங் கிரவுண்ட்’ பிறந்தது. பார்த்த ஆட்டங்களை அவர் நகலெடுக்கவில்லை. நிலத்தோடு உடல் பேசும் விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். 2019-இல், தன் முப்பதாம் ஆண்டில், பங்காரா அதை ஆடியது. ஐரோப்பாவுக்குப் போன தீப்பொறி சுற்றிவந்து, அதை முதலில் மூட்டிய மக்களின் வாரிசுகள் கைக்கே திரும்பியது.

செய்முறையின் கடைசிப் படி திருப்பிக் கொண்டுபோவது. நகர அரங்குகளில் ஆடி முடித்த படைப்பைக் கதை கொடுத்த ஊருக்கே எடுத்துச்செல்கிறார்கள். அங்கே திரையில்லை, பக்கவாட்டு மறைப்புகள் இல்லை, பல இடங்களில் கூரையும் இல்லை. இருக்கும் வெட்டவெளிக்குத் தக்கபடி ஆட்டத்தைச் சுருக்கி, வழிகளை மாற்றி அமைக்க வேண்டும். வினைலில் வழுக்கிச் செல்லும் அசைவு மண்ணில் சிக்கும். ஆனால் மண்ணில் பிறந்த அசைவு அங்கே தன் கனத்தை அடைகிறது. ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் தேடிய அந்தப் புழுதி காலை உதைத்ததும் தானாக எழுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் அந்தப் பாட்டைக் கொடுத்தவரும் இருப்பார், அது சரியாக நடக்கிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டவரும் இருப்பார்.